ஈயம் போன அண்டா

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். நாமக்கல்லில், சந்தைக்குப் போகிற பாதையில், கரி போட்டு ஓட்டுகிற பஸ்கள் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே நான் ஒரு கிளப்புக் கடை வைத்திருந்தேன். சாப்பாடு, காப்பி, பலகாரம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற கடைக்கு அப்போது எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். எனக்கு முப்பது வயது. அங்கே நடந்த ஒன்றை இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நானும் கிளம்புகிற வயதுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் இப்போதாவது எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் ஜேடர்பாளையத்துக்குப் பக்கம். காவிரி வாய்க்கால் பாய்கிற பூமி. நெல்லும் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும் இருந்த குடும்பம். வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சோறு போடுவோம், ஆனால் சோற்றை விலைக்கு விற்பது எங்கள் ஆட்களுக்கு மானக்கேடு. நான் கடை வைக்கப் போகிறேன் என்று சொன்னதும் அண்ணன் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏண்டா, சோத்த விக்கிறதுக்கா உன்னய எட்டாவது வரைக்கும் படிக்க வெச்சேன்? நாளைக்கு நம்ம ஊட்டுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னைக் கடை வைக்க வைத்தது என்று சொன்னாலும் தப்பில்லை. எனக்கு அப்படி ஒரு வீம்பு உண்டு. யாராவது முடியாது என்றால் அதைச் செய்து காட்டாமல் தூக்கம் வராது. கல்யாணத்தின்போது மாமனார் வீட்டுச் சீராக வந்த பெரிய பித்தளை அண்டாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்கு வந்தேன். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால்தான் அந்த அண்டாவை நகர்த்த முடியும். அதைத்தான் ரசத்துக்கு வைத்துக்கொண்டோம்.

கடை பிடித்துக்கொண்டது. எனக்கே நம்ப முடியாத அளவுக்குப் பிடித்துக்கொண்டது. கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த சமையற்காரர்தான் அதற்கு முக்கியக் காரணம். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார், அவர் வைக்கிற ரசத்தின் வாசனை பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை நேரே எங்கள் கடைக்கு இழுத்துக்கொண்டு வரும். கச்சேரிக்கு வழக்கு விஷயமாக வருகிற பண்ணையக்காரர்கள், மாட்டு வியாபாரிகள், வக்கீல் குமாஸ்தாக்கள், சந்தைக்கு வருகிற குடியானவர்கள் என்று பதினொரு மணிக்கே இலைக்குக் கூட்டம் நிற்கும். அரிசித் தட்டுப்பாடு வந்து எத்தனையோ கடைகள் மூடிய சமயத்தில், ஊரிலிருந்து வண்டியில் நெல் வந்ததால் என் கடையில் மட்டும் சோறு இருந்தது. எதிர்க்கடைக்காரர் ஒருவர் இழுத்து மூடிவிட்டு ஊருக்குப் போனபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கல்லாவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, 'அண்ணன் ஒரு தடவை வந்து பார்க்கட்டுமே' என்று நினைத்துக்கொள்வேன்.

கடைக்கு இரண்டு வாசல் இருந்தது. முன்வாசல் வழியாக யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதை யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். விறகு சுமந்து வருகிறவர்கள், வண்டிப்பேட்டையில் சாணம் அள்ளுகிறவர்கள், ஊருக்கு வெளியே முள்ளும் பாறையுமான குன்றின் அடியில், கரட்டடியில், குடியிருந்த கூலிக்காரர்கள், இவர்கள் எல்லாம் பின்வாசலுக்குத்தான் வரவேண்டும். உள்ளே இருப்பவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு மிச்சம் இருப்பதை அங்கே கொண்டுபோய், தையல் இலையிலும் தகரக் குவளையிலும் உயரத்திலிருந்து ஊற்றுவோம். அண்டாவின் மேல் பகுதி முன்வாசலுக்கு, அடிப் பகுதி பின்வாசலுக்கு. எல்லாக் கடையிலும் அப்படித்தான் என்று இப்போது நான் சொன்னால் அது உண்மைதான். ஆனால் அந்தக் கடைக்கு முதலாளி நான்தானே? வேறு மாதிரி செய்யாதே என்று என் கையை யாரும் பிடிக்கவில்லை.

பின்வாசலுக்குத் தவறாமல் வருகிறவர்களில் ஒரு விறகுக்காரியும் அவள் புருஷனும் உண்டு. இரண்டு பேரும் கரட்டில் முள்ளும் விறகும் வெட்டி, ஆளுக்கு ஒரு சுமை தலையில் கொண்டு வருவார்கள். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்; சின்னப் பிள்ளைகளைக் கரட்டடியில் விட்டுவிட்டு வருவாள். விறகை இறக்கினால் அப்படியே போட்டுவிட்டுப் போகமாட்டாள். நீளத்துக்கு நீளம், பருமனுக்குப் பருமன் பார்த்துச் சுவரோரமாக அழகாக அடுக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். அந்த வருஷம் மழைக்காலத்தில் புருஷனுக்கு விட்டுவிட்டு முறைக்காய்ச்சல் வந்து ஆள் பாதியாகிவிட்டான். அப்போதும் சின்னச் சுமையாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே வருவான்.

இனி அண்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசித்தான் சமைக்க வேண்டும் என்பது பழைய ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஈயம் தேய்ந்து பித்தளை வெளியே தெரிந்தால் அதில் புளியோ மோரோ நிற்கக்கூடாது; பச்சையாகக் களிம்பு இறங்கும், அது விஷம். வீட்டில் புழங்குகிற பாத்திரத்துக்கு வருஷத்துக்கு இரண்டு முறை பூசினால் போதும். என் கடை அண்டாவுக்கோ மாதம் ஒரு முறை பூச வேண்டியிருந்தது. மலாயாவிலிருந்து வருகிற ஈயம் யுத்தத்தால் நின்றுபோனதும் ஈயம் பூசுகிறவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. புதிதாக ஓர் அண்டா வாங்குவதும் அப்போது குதிரைக்கொம்பு.

யுத்தத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஏனென்றால் அந்த ஐப்பசி மாதத் தொடக்கத்தில் எங்களுக்கு வழக்கமாக ஈயம் பூசுகிறவர் கடைக்கு வந்தார். எங்கேயோ அலைந்து கொஞ்சம் ஈயம் சம்பாதித்து வைத்திருந்தார்.

"ஒரு நாளைக்கு அண்டாவ உடுங்க மொதலாளி, பூசிக் குடுத்தர்றேன். இத உட்டா அடுத்தது எப்பக் கெடைக்கும்னு எனக்கே தெரியாதுங்க" என்றார்.

ஒரு நாள். அந்த ஒரு நாளைக்கு ரசம் வைக்க அண்டா இல்லையென்றால் கூட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. அன்று சந்தை, மறுநாள் முகூர்த்தம், அதற்கு மறுநாள் கச்சேரியில் ஏதோ பெரிய வழக்கு. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் வந்தபோது அவரிடமிருந்த ஈயம் வேறு வீடுகளில் தீர்ந்துபோயிருந்தது. அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். நான்தான் சமாதானம் சொன்னேன், அன்றன்றைக்கு வைத்து அன்றன்றைக்குத் தீர்ந்துவிடுகிற ரசத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று.

அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். காலையில் வைக்கிற ரசம் மூன்று மணிக்குள் காலியாகிவிடும். சமையற்காரரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வழியாக ஒத்துக்கொண்டார். ஆனால் மீதி ரசத்தை ஒரு நாழிகைகூட அண்டாவில் வைக்கமாட்டார், உடனே மண் சட்டிக்கு மாற்றிவிடுவார்.

சந்தைக்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டது. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்த மழை விடவே இல்லை. கரி பஸ் ஒன்றுகூட வரவில்லை. முன்வாசலில் பத்து இலை விழுந்திருந்தால் அதிகம். பின்வாசலுக்கு யாருமே வரவில்லை. அண்டாவில் முக்கால் பங்கு ரசம் அப்படியே நின்றது. அத்தனையையும் மாற்றுவதற்கு மண் சட்டி கிடையாது. சமையற்காரர் என்னிடம் வந்து, கொட்டிவிடலாம் என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் வளர்ந்த வீட்டில் களத்தில் சிந்திய நெல்லைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் அடி விழும். ஊரெல்லாம் சோற்றுக்குப் பறக்கிற காலத்தில் ஓர் அண்டா ரசத்தைச் சாக்கடையில் ஊற்றுவதா? அது எனக்குப் பாவமாகவே பட்டது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த நல்ல குணம்தான் என்னை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. உணவை வீணாக்கக் கூடாது என்பதைத் தவிர அந்த நிமிஷத்தில் என் புத்தியில் வேறு எதுவும் இல்லை.

"முதலாளி, ஈயம் போய் அண்டா பல்லை இளிக்கறது. ராத்திரி பூரா இதிலே புளி நிக்கப்படாது. பெரிய பாவம்" என்றார் அவர்.

அதற்கு நான் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

"பொறவாசல்ல வர்றவங்களுக்குத்தானுங்களே. நாளைக்கு நல்லாக் கொதிக்க வெச்சு ஊத்துங்க, போதும்."

உள்ளே வருகிறவர்களுக்கு அதை ஊற்றுவேனா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே பதில் கிடைத்திருக்கும். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அண்டாவின் மேல் தட்டைப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார். சம்பளத்துக்கு இருக்கிறவர் வேறு என்ன செய்வார்?

மறுநாள் வெயில் அடித்தது. ஒரு நாள் மழையில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாம் சேர்ந்து வந்த மாதிரி சந்தைக்குக் கூட்டம். முன்வாசலுக்குப் புதிதாக, இருந்த தவலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ரசம் வைத்து ஊற்றினோம். அண்டா ரசத்தைக் கொதிக்க வைத்துத் தனியாக ஒதுக்கினோம். கொதித்தால் களிம்பு போய்விடுமா என்று எனக்குத் தெரியாது. போகாது என்பது பிறகுதான் தெரிந்தது. பின்வாசலில் அன்று பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். முந்தின நாள் மழையில் யாருக்கும் வேலை கிடைக்காததால் எல்லோரும் ஒரு நாள் பட்டினி. சோறு குறைவாகவும் ரசம் தாராளமாகவும் ஊற்றச் சொன்னேன். "சாமி நல்லாருக்கோணும்" என்று யாரோ ஒருவர் குவளையைத் தூக்கிக்கொண்டு சொன்னது கல்லா வரைக்கும் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாலையில் சந்தை கலைகிற நேரத்திலேயே வண்டிப்பேட்டைப் பக்கம் இரண்டு மூன்று பேர் வாந்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில், கரட்டடியில் ஏழு பேருக்கு வாந்தி பேதி, ஒருவன் விடிவதற்குள் போய்விட்டான் என்று சேதி வந்தது. போனவன் அந்த விறகுக்காரியின் புருஷன்.

சமையற்காரர் இன்னோர் ஆளைச் சேர்த்துக்கொண்டு அண்டாவை வெளிச்சத்துக்கு இழுத்து வந்து கவிழ்த்துக் காட்டினார். உள்ளே, முந்தின நாள் ரசம் நின்ற மட்டத்தில், சுற்றிலும் பச்சையாக ஒரு வளையம் இருந்தது. நகத்தால் சுரண்டினேன். நகத்தில் பச்சை ஒட்டிக்கொண்டது. வேட்டியில் துடைத்தேன்.

வாந்தி பேதி என்றாலே அந்தக் காலத்தில் காலரா என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். மழை பெய்து கிணறு கலங்கிய சமயம் வேறு. மத்தியானத்துக்குள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். நல்ல மனிதர், அன்று முழுவதும் அந்த வெயிலில் அலைந்தார். கரட்டடிக்காரர்கள் எந்த எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், எங்கே சாப்பிட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டே என் கடைக்கும் வந்தார். நேற்று இங்கே சாப்பிட்டார்களா என்று கேட்டார்.

"சாப்புட்டாங்க சார். ஆனா நேத்து எங்கடையில எறநூறு பேருக்கு மேல சாப்புட்டிருப்பாங்க. உள்ள சாப்புட்டவங்க ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லீங்களே" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு சுத்தமாக எடுபட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டு, நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று முடிவு செய்துகொண்டு போனார். சமையற்காரர் அடுப்படிக் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு பதிலால் நடந்தது. கரட்டடிக்குப் போகிற தடத்தில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். அங்கிருந்து ஒருவரும் ஊருக்குள் வரக்கூடாது, சந்தைக்கு வரக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். செத்தவனைத் தூக்க ஆள் வரவில்லை. காலராப் பிணம் என்று பயந்து, மேளம் இல்லாமல், சடங்கு இல்லாமல், அவன் மச்சினன் ஒருவனும் அந்தப் பெண்ணும் மட்டும் சேர்ந்து குழி தோண்டி வைத்ததாகச் சொன்னார்கள். அவன்தான் எங்கிருந்தோ நோயைக் கொண்டுவந்தான் என்று சொந்த ஆட்களே அவள் வீட்டுப் பக்கம் போகாமல் விட்டார்களாம். மூன்று வாரம் அந்தக் குடியிருப்பே கூலி இல்லாமல் கிடந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு மூட்டை அரிசியை வண்டியில் ஏற்றி, முள் வேலி வரைக்கும் கொண்டுபோய் இறக்கச் சொன்னேன். ஊரில் அதை எல்லோரும் பேசினார்கள். இந்தப் பஞ்ச காலத்தில் ஒரு மூட்டை அரிசி தர யாருக்கு மனசு வரும் என்று வக்கீல் ஒருவர் கல்லாவுக்கு முன்னால் நின்று என்னைப் புகழ்ந்தார். நான் கையைக் கூப்பினேன். கடையில் கூட்டம் முன்னைவிட அதிகமாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்ற பயத்தில், வேறு எங்கேயும் சாப்பிடாமல் என் கடைக்கே வந்தார்கள். இதற்கு மேல் வயிற்றெரிச்சல் வேண்டுமா? அந்த மாதம்தான் அண்ணன் முதல் முறையாகக் கடைக்கு வந்து சாப்பிட்டார். "பரவால்லடா" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக நான் மூன்று வருஷம் காத்திருந்தேன். அன்று அதைக் கேட்டதும் மோர் எடுக்கப் போகிற மாதிரி உள்ளே எழுந்து போய்விட்டேன்.

மறுபடி ஈயம் பூசுகிற வரைக்கும் அந்த அண்டாவை நான் அடுப்பில் ஏற்றவில்லை. கார்த்திகை கழிந்து ஒரு நாள் ஈயம் பூசுகிறவர் வந்தார். சேலத்தில் கடைவீதியில் கொஞ்சம் பழைய ஈயம் கிடைத்ததாம். கூப்பிட்டுப் பின்வாசலில் உட்கார வைத்தேன். முற்பகல் பத்து மணி இருக்கும். தரையில் குழி தோண்டித் துருத்தி வைத்து, கரியை மூட்டி, அண்டாவைச் சுட வைத்து, ஈயம் ஒட்டுவதற்காக நவச்சாரம் போட்டார். வெள்ளைப் புகை கிளம்பியது. ஈயத்தை உருக்கித் துணியால் ஒரு சுற்றுத் தேய்க்க, கறுத்துக் கிடந்த அண்டா வெள்ளியாக மாறிக்கொண்டு வந்தது.

அப்போது அவள் தலையில் விறகுச் சுமையோடு வந்து நின்றாள். கட்டுப்பாடு நீங்கியதிலிருந்து அவள் மட்டும் தனியாக விறகு கொண்டுவந்துகொண்டிருந்தாள். கழுத்தில் தாலி இல்லை. நான் அவள் வருகிற நேரத்தில் பின்பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வேன். அன்று தப்ப முடியவில்லை. சுமையை இறக்காமலே அவள் அந்த அண்டாவை வேடிக்கை பார்த்தாள். அவர்கள் வீட்டில் புழங்குவதெல்லாம் மண் பானைதான். ஈயம் பூசுவதை அவள் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

"ஏனுங்க, இது என்னத்துக்குங்க பூசறது?" என்று அவரிடம் கேட்டாள்.

அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். தொழிலைப் பற்றிக் கேட்ட சந்தோஷத்தில் விவரமாகச் சொன்னார். "ஈயம் போயிருச்சுன்னா இதுல புளி, மோரு ஒண்ணும் நிக்கக்கூடாது ஆத்தா. பச்சையா களிம்பு எறங்கும். அது வயித்துக்குள்ள போச்சுன்னா கொடலையே பொரட்டி எடுத்துரும். சீக்காளியா இருந்தா ஆளே போயிருவான்."

அவள் என்னைப் பார்ப்பாள், கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அண்டாவைப் பார்த்தபடியே, தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னாள்.

"அன்னைக்கு வாயெல்லாம் செப்புக்காசு நக்குனாப்ல இருந்துச்சுங்க சாமி. எனக்கு எறங்கவே இல்ல. அவரு பசியில இருந்தாரு. எம் பங்கையும் அவருக்கே ஊத்திட்டனுங்க."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் என் மேல் கோபம் இல்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், குவளையைச் சாய்த்த அந்தக் கையை. தன் கையாலேயே புருஷனைக் கொன்றுவிட்டதாக அந்த நிமிஷத்தில் அவள் முடிவு செய்துகொண்டாள் என்பது எனக்குப் புரிந்தது. இரண்டு வார்த்தை சொன்னால் போதும். 'உன் தப்பில்லை அம்மா, தெரிந்தே ஊற்றச் சொன்னவன் நான்' என்றால் அந்தப் பாரம் அவள் தலையிலிருந்து இறங்கியிருக்கும். ஈயம் பூசுகிறவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உள்ளேயிருந்து கை கழுவ வந்த இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கடையில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது.

"வெறகை எறக்கி வை" என்றேன்.

இறக்கி வைத்தாள். எப்போதும்போல் நீளத்துக்கு நீளம் பார்த்து அடுக்கினாள். "வாரனுங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அவள் எனக்கு விறகு போட்டாள். வேறு யார் வாங்குவார்கள் என்று போட்டாளோ, என்னவோ. ஆனால் என் கடையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சின்னக் கலயத்தில் கூழ் கொண்டுவந்து, பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பூவரச மரத்தடியில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போவாள். கல்லாவிலிருந்து பார்த்தால் அந்த மரம் நேராகத் தெரியும். தினமும் எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அதற்குள் ஒருவர் சில்லறை கேட்பார், ஒருவர் இலை கேட்பார், நானும் அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாள் அவள் வரவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

யுத்தம் முடிந்ததும் பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். எல்லோரும் முன்வாசல் வழியாக வந்து ஒரே பந்தியில் உட்காரட்டும் என்றேன். சில பேர் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனார்கள், ஆனால் கடை நன்றாகத்தான் ஓடியது. பிற்காலத்தில், எங்கள் வட்டாரத்தில் முதன்முதலாக இப்படிச் செய்தவன் நான்தான் என்று கூட்டம் போட்டு எனக்கு மாலைகூடப் போட்டார்கள். எதனால் அடைத்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

மாலை போட்ட மறுநாள் பஸ் ஏறி ஏற்காட்டுக்குப் போனேன். ஒரு தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கு முன்னால் போய் நின்றேன். யாரைத் தேடுகிறீர்கள் என்று ஒரு கங்காணி கேட்டான். அப்போதுதான் எனக்கு அவள் பெயர் தெரியாது என்பதே தெரிந்தது. அத்தனை வருஷம் அவள் அடுக்கிய விறகில்தான் என் அடுப்பு எரிந்தது. விறகுக்காரி என்பதைத் தவிர நான் வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவள், விறகு வெட்டினவள், புருஷன் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அந்த மாதிரி இங்கே நாற்பது பேர் இருக்கிறார்கள் என்றான். திரும்பி வந்துவிட்டேன்.

கடையை நடத்தின கடைசி நாள் வரைக்கும், எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, அண்டாவின் அடியில் கிடக்கிற கடைசிக் கரண்டி ரசத்தை ஊற்றிக்கொண்டுதான் சாப்பிட்டேன். முதலாளி எவ்வளவு எளிமையானவர் என்று வேலைக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் ஒவ்வொரு நாளும் செப்புக்காசு ருசிதான் தெரிந்தது.

இந்த அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது என்ன என்று எழுதி முடிக்க வேண்டும் என்று நினைத்தேன். கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் ஏதோ லாபம் கிடைத்த மாதிரி இருக்கிறது. அவளுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் இருக்கும், உயிரோடு இருந்தால். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அவள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ யாராவது படிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். எங்கேயோ ஒரு வீட்டில் இதை வாசிக்கிற யாருக்காவது இது தன் குடும்பத்தில் நடந்தது என்று தெரிந்தால், அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு அவள் புருஷன் செத்தது அவள் தன் பங்கை ஊற்றியதால் அல்ல, தெரிந்தே ஊற்றச் சொன்ன என்னால்தான் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பூவரச மரத்தடி வரைக்கும் எழுந்து போய் இதைச் சொல்ல எனக்கு அன்று இருபதடி தூரம்தான் இருந்தது.